டோல், பார்க்கிங் தனி

திருப்போரூர், கேளம்பாக்கம் வட்டாரத்தில் எந்த டிராவல்ஸில் வண்டி எடுத்தாலும் ரேட் கார்டின் அடியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: டோல், பார்க்கிங் தனி. எட்டு மணி நேரம், எண்பது கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் கிலோமீட்டருக்கு இவ்வளவு, மணிக்கு இவ்வளவு, டிரைவர் பேட்டா இவ்வளவு என்று எல்லாவற்றுக்கும் பேரம் நடக்கும். இந்த வரிக்கு மட்டும் நடக்காது. ஆலத்தூர் சிட்கோ தொழிற்பேட்டையின் மருந்துக் கம்பெனி ஆனாலும், சிறுசேரி சிப்காட்டின் மென்பொருள் நிறுவனம் ஆனாலும், சாவடியில் எவ்வளவு கழிந்ததோ அவ்வளவும் கொடுக்கப்படும். 'ஆக்சுவல்ஸ்' என்று அதற்குப் பெயர். வாடகையில் ஐம்பது ரூபாய் குறைக்க நான்கு மின்னஞ்சல் அனுப்பும் அட்மின் பிரிவு, டோல் என்றால் பார்க்காமலே கையெழுத்துப் போடும்.

இந்த நடைமுறையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டிய காலம் வந்திருக்கிறது. லண்டனும் சிங்கப்பூரும் நியூயார்க்கும் நெரிசல் நேரத்தில் நகருக்குள் வரும் வண்டிக்குத் தனிக் கட்டணம் வசூலிக்கின்றன. நம் நாட்டிலும் டெல்லி, பெங்களூரு பக்கம் அந்தப் பேச்சு வருவதும் அடங்குவதுமாக இருக்கிறது. அப்படி ஒரு கட்டணம் சென்னைக்கு வந்தால், அதுவும் இந்த 'தனி'யில்தான் போய் விழும். அங்கேதான் சிக்கல். டோலைத் தனியாகப் பிரித்துக் கொடுப்பது ஓட்டுநரைக் காப்பாற்றுகிறது. ஆனால் சாலைக்கு விலை வைப்பதன் நோக்கத்தை முளையிலேயே கிள்ளிவிடுகிறது.

முதலில் அதன் நல்ல பக்கம். டோலும் சேர்த்து ஒரே தொகை என்று பேசி முடித்தால் அந்தத் தொகைக்குள் இடிபடுவது ஓட்டுநர்தான். சாவடியில் போகும் பணம் தன் பையிலிருந்து போகிறது என்றானதும் வண்டி பிரதான சாலையை விட்டு இறங்கும், ஊருக்குள் புகும், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் தெருவை அடைக்கும். மிச்சப்பட்ட டோலை டீசலும் நேரமும் தின்றுவிடும். வெளியூருக்கு ஒருவழிப் பயணம் போகும் டிராப் டாக்சிகளில் 'டோல் உட்பட' என்று விளம்பரம் வரும்போதெல்லாம் அந்தச் சலுகையைக் கொடுப்பது யார் என்று கேட்டுப் பார்க்கலாம். பெரும்பாலும் விளம்பரம் கொடுத்தவர் அல்ல. அந்த வகையில் 'தனி' என்ற ஏற்பாடு நேர்மையானது. சாலைக்கு ஆகும் செலவு, சாலையைக் கேட்டவரிடமே போகிறது.

2021 பிப்ரவரியில் தேசிய நெடுஞ்சாலைகளில் ஃபாஸ்டேக் கட்டாயமானது. அதற்கு முன் ஓட்டுநர் கைக்காசைக் கொடுத்து, துண்டு ரசீதை வாங்கி, டிரிப் ஷீட்டோடு பின் அடித்துக் கொடுத்துவிட்டு, கம்பெனி பில் பாஸ் ஆகும்வரை காத்திருந்தார். இப்போது பணம் வண்டி உரிமையாளரின் கணக்கிலிருந்து போகிறது. ஓட்டுநருக்கு இதில் பெரிய நிம்மதி. ஆனால் அந்த நாளிலிருந்து 'ஆக்சுவல்' தெளிவிழந்துவிட்டது.

ஓர் உதாரணம். பரனூர்ச் சாவடி வழியாக ஒரு கார் காலையில் ஒரு கம்பெனியின் விருந்தினரை ஏற்றிப் போகிறது. மாலையில் வேறொரு கம்பெனியின் விருந்தினரோடு திரும்புகிறது. தேசிய நெடுஞ்சாலை விதிப்படி 24 மணி நேரத்துக்குள் போய் வந்தால் ஒருவழிக் கட்டணத்தின் ஒன்றரை மடங்குதான். ஒருவழி 80 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போகும்போது 80, வரும்போது 40. முதல் கம்பெனிக்கு 80, இரண்டாவதுக்கு 40 என்று எழுதலாம். ஆளுக்கு 60 என்று எழுதலாம். இருவருக்கும் 80 என்று எழுதினாலும் கேட்பார் இல்லை. பணம் கழிந்ததற்கான குறுஞ்செய்தி உரிமையாளரின் கைப்பேசிக்கு வருகிறது, கம்பெனிக்கு அல்ல. சொந்தக் காரில் வேலைக்காக அலைபவரின் கதை இன்னும் வேடிக்கை. 2025 ஆகஸ்ட் 15 முதல் தனியார் கார்களுக்கு 3,000 ரூபாயில் ஆண்டுப் பாஸ் வந்தது. ஓர் ஆண்டு அல்லது 200 கடப்புகள், எது முந்துகிறதோ அதுவரை செல்லும். தொடக்க விலையில் கணக்குப் பார்த்தால் ஒரு கடப்புக்கு 15 ரூபாய். பாஸ் வைத்திருப்பவர் பரனூரைத் தாண்டும்போது கணக்கில் கழிவது பூஜ்யம். அவருக்குக் கம்பெனி கொடுக்க வேண்டியது பூஜ்யமா, 15 ரூபாயா, சாவடிப் பலகையில் எழுதியிருக்கும் தொகையா? பெரும்பாலான பயண விதிகளில் இதற்குப் பதில் கிடையாது. வாடகைக் கார்களுக்கு இந்தப் பாஸும் கிடையாது.

இதெல்லாம் சில்லறை. பெரிய விஷயம் திருப்போரூரின் இருப்பிடத்தில் இருக்கிறது.

இந்த ஊர் மூன்று சாலைகளுக்கு நடுவே கிடக்கிறது. வடக்கே போவது பழைய மாமல்லபுரம் சாலை, நாம் சொல்லும் ஓஎம்ஆர். கிழக்கே நெம்மேலி, கோவளம் பக்கம் போனால் கிழக்குக் கடற்கரைச் சாலை, அதாவது ஈசிஆர். மேற்கே செங்கல்பட்டுச் சாலையில் போனால் தேசிய நெடுஞ்சாலையான ஜிஎஸ்டி சாலை. ஈசிஆரில் சென்னை போனால் உத்தண்டிச் சாவடி. செங்கல்பட்டைச் சுற்றிப் போனால் பரனூர். ஓஎம்ஆரில் நாவலூர் இருந்தது, இப்போது இல்லை. கேளம்பாக்கத்தில் திரும்பி வண்டலூர் சாலையைப் பிடித்தால் பரனூருக்கு வடக்கே ஜிஎஸ்டி சாலையில் ஏறலாம், சாவடியே கிடையாது. விமான நிலையத்திலிருந்து ஆலத்தூருக்கு வரும் வெளிநாட்டுத் தணிக்கையாளரை எந்த வழியில் அழைத்துவருவது என்று ஓட்டுநர் தீர்மானிக்கும்போது அவர் மனத்தில் ஓடுவது இந்த வரைபடம்தான். கந்தசாமி கோயிலில் கிருத்திகை என்றால் வரைபடம் மாறும். ஞாயிறு மாலை என்றால் மாமல்லபுரத்திலிருந்து திரும்பும் கூட்டத்தால் ஈசிஆர் மாறும். அட்மின் பிரிவின் எக்செல் தாளில் இந்த நுட்பம் எதுவும் கிடையாது.

ஓஎம்ஆரின் டோல் வரலாறு இங்கே முக்கியம். மத்திய கைலாசத்திலிருந்து சிறுசேரிவரை 20 கிலோமீட்டர் சாலையை ஆறுவழியாக்கி, தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம் டோல் வசூலித்தது. மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணிக்காகப் பெருங்குடி, துரைப்பாக்கம் உள்ளிட்ட நான்கு சாவடிகளில் 2021 ஆகஸ்ட் 30 முதல் வசூல் நின்றது. நாவலூர் மட்டும் தொடர்ந்தது. அதுவும் 2023 அக்டோபர் 19 முதல் நின்றுபோனது. வேலைக்குப் போக தினமும் கப்பம் கட்டவேண்டுமா என்று வட்டாரமே பல ஆண்டுகள் கேட்ட கேள்விக்குக் கிடைத்த பதில் அது. கேள்வியும் நியாயமானதுதான்.

ஆனால் அந்த டோல் நெரிசல் கட்டணம் அல்ல. அதிகாலை மூன்று மணிக்கு வெறும் சாலையில் போனாலும், காலை ஒன்பதரைக்கு ஊர்ந்து போனாலும் ஒரே தொகை. போட்ட முதலை மீட்பதற்கான கட்டணம் அது. வண்டியைக் குறைப்பதற்கானது அல்ல. வண்டி கூடினால் வசூலிப்பவருக்கு மகிழ்ச்சி. நெரிசல் கட்டணம் நேர்மாறானது: வண்டி குறைந்தால்தான் அது வென்றது என்று பொருள். இந்த வித்தியாசம் நம் கம்பெனிகளின் கணக்கில் இதுவரை தேவைப்படவில்லை. மாறாத ஒரு தொகையை அப்படியே திருப்பிக் கொடுப்பதால் யாருடைய முடிவும் மாறப்போவதில்லை. மாற வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவும் இல்லை.

நாவலூர் நின்றதும் பில்லில் டோல் வரி மறைந்தது. செலவு மறைந்ததா? இங்கேதான் 'எட்டு மணி, எண்பது கிலோமீட்டர்' பேக்கேஜைப் பிரித்துப் பார்க்க வேண்டும். திருப்போரூரிலிருந்து கிண்டி சுமார் 35 கிலோமீட்டர். போய் வர, ஷெட்டிலிருந்து ஷெட்வரை கணக்கிட்டால், எண்பதை ஒட்டி நிற்கும். கிலோமீட்டரில் மீறல் இல்லை. மீறுவது மணி. காலை பத்து மணிக்குக் கூட்டம் என்றால் ஏழரைக்கு வண்டி கிளம்ப வேண்டும், மெட்ரோ வேலையில் சாலை சுருங்கிய இடங்களில் ஊர்ந்து, கூட்டம் முடிந்து, மாலை ஐந்தரைக்குத் திரும்பினால் பத்து மணி நேரம். கூடுதல் மணிக்கு 200 ரூபாய் என்று வைத்தால் 400. அதே கூட்டத்தைப் பதினொன்றரைக்கு வைத்து மூன்று மணிக்கு முடித்தால் ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பி நாலரைக்கு ஊர் திரும்பலாம். கூடுதல் மணியே கிடையாது. அதே வண்டி, அதே தூரம், அதே மனிதர்கள். நடுவே நிற்கும் 400 ரூபாய் என்ன? நெரிசல் கட்டணம்தான். மாநகராட்சி வசூலிக்கவில்லை, டிராவல்ஸ் வசூலிக்கிறது. சட்டம் எதுவும் போடாமலே இந்த வட்டாரத்தில் அது பல ஆண்டுகளாக அமலில் இருக்கிறது.

ஆனால் அது வேலை செய்யாத நெரிசல் கட்டணம். கூட்டத்தைப் பத்து மணிக்கு வைத்த மேலாளருக்கு அந்த 400 ரூபாய் தெரியாது. மாதக் கடைசியில் நாற்பது டிரிப் ஷீட்டுகளோடு சேர்ந்து ஒரே பில்லாக அட்மின் பிரிவுக்குப் போகிறது. அட்மினுக்குத் தெரியும், ஆனால் கூட்ட நேரத்தை மாற்றும் அதிகாரம் இல்லை. ஓட்டுநருக்கு எல்லாமே தெரியும், அவரை யாரும் கேட்பதில்லை. போதாக்குறைக்குப் பல இடங்களில் கூடுதல் மணிக்கான தொகை உரிமையாளரோடு நின்றுவிடும். பன்னிரண்டு மணி நேரம் வண்டியில் உட்கார்ந்தவருக்குப் பேட்டா மட்டும்தான்.

முடிவெடுப்பவர் ஒருவர், செலவைச் சுமப்பவர் வேறொருவர் என்றால் விலை செத்துப்போகும் என்பதை நேரில் கண்ட முதல் நகரம் சிங்கப்பூர். 1975 ஜூனில் நகர மையத்துக்குள் காலை நேரத்தில் நுழையும் கார்களுக்கு நாளொன்றுக்கு 3 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) உரிமச் சீட்டு கொண்டுவந்தார்கள். நான்கு பேர் சேர்ந்து வந்தால் கட்டணம் இல்லை. ஏழு மாதங்களுக்குள் தனியார் காருக்கு 4 வெள்ளியாக ஏற்றியபோது, நிறுவனங்களின் பெயரில் பதிவான கார்களுக்கு 8 வெள்ளி என்று இருமடங்காக்கினார்கள். கம்பெனி கட்டிக்கொள்ளும், வரிக்கணக்கில் கழித்தும் கொள்ளும் என்பதால் ஒற்றை மடங்கு உறைக்காது. அரை நூற்றாண்டுக்கு முன்பே ஓர் அரசு 'ஆக்சுவல்ஸ்' நடைமுறையின் பலவீனத்தைப் புரிந்துகொண்டு அதற்கு மேல் வரி போட்டிருக்கிறது. ஸ்வீடனும் கொஞ்சம் தாமதமாக அதே இடத்துக்கு வந்தது. ஸ்டாக்ஹோமில் 2006இன் நெரிசல் கட்டணச் சோதனையின்போதே கட்டண எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆனால் கம்பெனிக் கார் வைத்திருப்பவரின் சொந்தப் பயணத்துக்கும் கம்பெனியே கட்டணம் கட்டினால், அதைத் தனிச் சலுகையாக மதிப்பிட்டு அவரிடம் வரி வாங்குவது 2018இல்தான் தொடங்கியது.

சிங்கப்பூர் 1998இல் சீட்டை விட்டு மின்னணு வளைவுகளுக்கு மாறியது. வளைவுக்கு வளைவு, அரை மணிக்கு அரை மணி விலை மாறும். சாலையில் வேகம் குறைந்தால் விலை ஏறும், சீரானால் இறங்கும். டாக்ஸியில் போனால் வழியில் கழிந்த கட்டணம் அப்போதே பயணியின் கட்டணத்தில் ஏறும். இதுவும் 'டோல் தனி'தான். ஆனால் இருக்கையில் உட்கார்ந்திருப்பவரின் கண் முன்னே ஏறுகிறது. 'அரை மணி கழித்துக் கிளம்பியிருக்கலாமே' என்று நினைக்க அவருக்கு ஒரு வாய்ப்பு உண்டு. அங்கிருக்கும் நம் தமிழ் அலுவலர்கள் பலருக்கு இது அன்றாடம். இங்கே வேலை நிமித்தம் வந்து காரில் ஏறும்போதுதான் மீட்டரே இல்லாத வினோதம் அவர்களுக்கு உறைக்கும்.

லண்டன் வேறு வகை. 2003 பிப்ரவரி 17 அன்று 5 பவுண்டில் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 18 பவுண்டு. வண்டிக்கு நாள் முழுவதற்கும் ஒரே தொகை. ஒரு முறை நுழைந்தாலும் பத்து முறை நுழைந்தாலும் அதுவே. கம்பெனிக்கு இது கணக்கெழுத வசதி, நடத்தையை மாற்ற வசதி அல்ல. ஒருமுறை கட்டியாகிவிட்டது, இனி நாள் முழுதும் சுற்றலாம் என்ற மனநிலையைக் கொடுக்கும். நியூயார்க் 2025 ஜனவரி 5 அன்று தொடங்கியபோது இதை யோசித்திருக்கிறார்கள்: தனியார் காருக்கு உச்ச நேரத்தில் நாளுக்கு 9 டாலர், செயலி வழி அழைக்கும் வண்டிக்குச் சவாரிக்கு ஒன்றரை டாலர். நாள் முழுதும் ஓடும் வாடகை வண்டியின் ஒற்றைக் கட்டணத்தை எந்தப் பயணியின் தலையில் எழுதுவது என்ற நம் பரனூர்ச் சிக்கல் அங்கே எழவே இடமில்லை.

சென்னையில் நாளைக்கே கட்டண எல்லைக் கோடு போட்டால் என்ன ஆகும்? எனக்கு அதில் உற்சாகம் இல்லை. லண்டனில் கட்டணம் தொடங்கிய நாளில் சுமார் 300 கூடுதல் பேருந்துகள் ஓடின. ஸ்டாக்ஹோமில் சோதனைக்கு முன்பே பேருந்துகளைக் கூட்டினார்கள். திருப்போரூருக்கு ரயில் இல்லை. மாதவரத்திலிருந்து வரும் மெட்ரோவின் மூன்றாம் வழித்தடமும் சிறுசேரி சிப்காட்டோடு நின்றுவிடும். மாற்று வழி இல்லாத இடத்தில் நெரிசல் கட்டணம் விலை அல்ல, அபராதம். அதைப் பெரிய நிறுவனங்கள் 'தனி'யில் எழுதி மறந்துவிடும். சொந்த வண்டியை ஈஎம்ஐயில் ஓட்டும் பக்கத்துத் தையூர்க்காரர் மறக்க முடியாது. டெல்லியை இதற்கு முன்மாதிரியாகக் காட்டவும் முடியாது. 2015 நவம்பர் முதல் டெல்லி நகருக்குள் நுழையும் சரக்கு வண்டிகளிடம் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் வசூலிக்கிறது. அந்தக் கட்டணம் மாசுக்கானது, நெரிசலுக்கானது அல்ல.

ஆக, அரசு செய்யட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லாத பகுதியைத்தான் பேச வேண்டும். பில்லின் வடிவம். கூடுதல் மணி எந்தக் கூட்டத்தால் வந்தது என்று டிரிப் ஷீட்டில் ஒரு கட்டம் போதும். அந்தத் தொகை அட்மின் கணக்கில் ஏறாமல் கூட்டத்தை அழைத்த துறையின் கணக்கில் ஏறினால் பத்து மணிக் கூட்டங்கள் தாமாகவே நகரும். ஃபாஸ்டேக் அறிக்கையில் சாவடியைக் கடந்த நேரம் நிமிடக்கணக்கில் இருக்கிறது. அதைத் தொகையைச் சரிபார்க்க மட்டும் பயன்படுத்துவது வீண். எந்த நேரத்தில் யாருடைய வண்டிகள் போகின்றன என்று பார்த்தால், ஒரே வளாகத்திலிருந்து ஒரே நேரத்தில் ஒற்றை ஆளோடு கிண்டிக்குப் போகும் வண்டிகள் வெளிச்சத்துக்கு வரும். ஒரு கம்பெனியின் இரண்டு துறைகள் ஒரு காரைப் பகிர்ந்துகொள்ளக் கூச்சப்படுவது இந்த வட்டாரத்தின் விசித்திரங்களில் ஒன்று.

சிலர் இதற்குக் குறுக்கு வழி சொல்வார்கள்: டோலுக்கு உச்சவரம்பு வை, அல்லது எல்லாம் சேர்த்து ஒரே தொகை பேசு. இது மோசமான தீர்வு. செலவைத் தெரிந்து முடிவெடுக்க வேண்டியவர் மேலாளர். ஒரே தொகை பேசினால் செலவு மேலாளரைத் தாண்டி ஓட்டுநரின் மடியில் விழும். சாலையின் விலையைக் கூட்டத்தை வைத்தவருக்குக் காட்டுவது வேறு, வண்டி ஓட்டுபவரிடமிருந்து பிடுங்குவது வேறு. ஆகவே 'தனி' இருக்கட்டும். யாருடைய பெயரில் தனி என்பதுதான் மாற வேண்டும்.

வரிக் கணக்கு எழுதுபவர்களும் ரேட் கார்டின் இந்த 'தனி' என்ற வரியை நம்பியிருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சாவடியில் கட்டும் கட்டணத்துக்குச் சரக்கு–சேவை வரி இல்லை. அதனால் டோலைப் பில்லில் தனியாகக் காட்டிவிட்டால் அதற்கு வரி விழாது என்று பல கணக்கர்கள் எண்ணுகிறார்கள். அது அவ்வளவு எளிதல்ல. வண்டி உரிமையாளர் தம் பெயரில், தம் ஃபாஸ்டேக்கில் கட்டியது அவருடைய செலவு. வாடிக்கையாளரின் முகவராகக் கட்டினார் என்று காட்ட முடியாதபோது அது வாடகையின் மதிப்போடு சேர்ந்துவிடக் கூடும். சிறு டிராவல்ஸ்காரரிடம் கம்பெனி வண்டி எடுத்தால் தலைகீழ் வரி முறையில் கம்பெனியே வரி கட்டுவதும், பயணிகள் காருக்கான அந்த வரியைப் பெரும்பாலும் உள்ளீடாகத் திரும்பப் பெற முடியாததும் சேர்ந்து, 'ஆக்சுவல்' மீண்டும் ஒரு முறை பெருகும். நெரிசல் கட்டணம் வந்தால் இந்த இழுபறி கூடுமே தவிரக் குறையாது.

இன்னொரு கணக்கு சீக்கிரமே வரும். சிறுசேரிவரை மெட்ரோ ஓடத் தொடங்கியதும் ஆலத்தூரிலிருந்து கிண்டிக்குப் போக வேண்டியவருக்குக் கார் தேவைப்படுவது சிறுசேரி நிலையம்வரைதான். ஆனால் டிராவல்ஸின் குறைந்தபட்ச பேக்கேஜ் எண்பது கிலோமீட்டராகவே இருந்தால் பாதி வழி போனாலும் முழு வாடகை; மெட்ரோ டிக்கெட் அதன் மேல் கூடுதல் செலவு. 'காரிலேயே போய்விடுங்கள், அதுதான் சிக்கனம்' என்று அட்மின் சொல்வார், அவர் கணக்கு தப்பாகவும் இருக்காது. நான்கு மணி, நாற்பது கிலோமீட்டர் பேக்கேஜ் இப்போதே சில இடங்களில் உண்டு. அதற்கும் கீழே, நிலையத்துக்குப் போய் வர மட்டும் ஒரு விலை பேச வேண்டியிருக்கும். அதற்கு டிராவல்ஸ்காரர் ஒப்புக்கொள்ள, ஒரே வண்டிக்குக் காலையில் நான்கைந்து நிலையச் சவாரிகள் கிடைக்கும் என்ற உறுதி வேண்டும். ஆலத்தூரின் பக்கத்துப் பக்கத்துக் கம்பெனிகள் கூடி ஒரே ஒப்பந்தம் போட்டால்தான் அந்த உறுதியைக் கொடுக்க முடியும். அப்படி ஒரு ஒப்பந்தத்தை எழுதுவதற்கு மெட்ரோ வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.